சிரட்டை, மாவிலை, கொஞ்சம் பொறுமை: சின்னப் பிள்ளைகளுக்குப் பாவனை விளையாட்டைத் தொடங்கிக் கொடுப்பது எப்படி?

ஒன்றரை வயதுப் பிள்ளை காலி டம்ளரை வாயில் வைத்து உறிஞ்சி, "ஆ..." என்று காட்டும். ஐந்து வயதில் அதே பிள்ளை திண்ணையில் மீன்கடை போட்டு, விலை பேசி, கடன் சொல்லிவிட்டுப் போகிற அண்ணனோடு சண்டையும் பிடிக்கும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் வீட்டில் இருப்பவர்கள் எதை எடுத்துக் கொடுப்பது, எங்கே கூடச் சேர்வது, எப்போது வாயை மூடிக்கொள்வது என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறோம். முதல் பிள்ளையை வளர்க்கிற பெற்றோருக்கும், பகலெல்லாம் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி தாத்தாவுக்கும், அங்கன்வாடியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இது உதவும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்த விளையாட்டை மதிப்பெண் கூட்டும் பயிற்சியாக நினைக்காதீர்கள். அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலின் லில்லார்டும் அவருடைய குழுவினரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2013இல் அலசினார்கள். பாவனை விளையாட்டுதான் பிள்ளையின் அறிவை வளர்க்கிறது என்று அடித்துச் சொல்லப் போதிய சான்று இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆனாலும் விளையாடும்போது பிள்ளை நிறையப் பேசுகிறது, இன்னொருவரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கிறது, பயந்த விஷயத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்து திருப்பிப் பார்க்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சந்தோஷமாக இருக்கிறது. இவ்வளவு போதாதா?

வயதைப் பார்த்துத் தொடங்குங்கள்

12 முதல் 18 மாதம் வரை பிள்ளை தன்னை வைத்தே பாவனை செய்யும்: வெறும் கரண்டியால் சாப்பிடும், கண்ணை மூடித் தூங்குவதுபோல நடிக்கும். 18 மாதத்துக்குப் பிறகு அந்தக் கரண்டி பொம்மையின் வாய்க்குப் போகும். இரண்டு, இரண்டரை வயதில் ஒரு பொருள் இன்னொன்றாக மாறத் தொடங்கும். சீப்பு போனாகும், தீப்பெட்டி காராகும். மூன்று வயதில் செயல்கள் கோவையாக வரும்: அரிசி களைந்து, உலை வைத்து, வடித்து, பரிமாறி, பாத்திரம் கழுவுவது வரை. நான்கு வயதில்தான் "நீ டாக்டர், நான் அம்மா" என்று ஆள் பிரித்து, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து கதை நடத்த முடிகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் சில மாதம் முன்பின் ஆகும்.

இந்த வரிசை தெரியாததால் வருகிற சிக்கல் இது: ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் மரக்கட்டையை நீட்டி "இதுதான் போன்" என்றால் அது கட்டையைக் கடிக்கும். அந்த வயதில் நிஜத்தைப் போலவே இருக்கும் பொருள் வேண்டும்: சின்ன டம்ளர், சின்னக் கரண்டி, துணிப்பொம்மை. இரண்டரை வயதுக்கு மேல் நிலைமை தலைகீழ். எதுவாகவும் மாறக்கூடிய சிரட்டை (கொட்டாங்கச்சி), துண்டு, அட்டைப்பெட்டி ஆகியவைதான் அப்போது அதிக நேரம் ஓடும். பட்டனை அமுக்கினால் பாட்டுப் பாடும் பிளாஸ்டிக் அடுப்பு அடுப்பாக மட்டுமே இருக்க முடியும்.

ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933இல் ஆற்றிய ஓர் உரையில் குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் பிள்ளையைப் பற்றிப் பேசினார். கண்ணுக்குத் தெரிவது குச்சி. ஆனால் பிள்ளை நடப்பதோ மனதில் இருக்கும் குதிரைக்கு ஏற்றபடி. பொருளையும் அதன் அர்த்தத்தையும் தனித்தனியே பிரிக்கும் அந்த வேலையைப் பிள்ளையின் மூளைதான் செய்ய வேண்டும். பொம்மைக் கம்பெனி அதைச் செய்து கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

ஒரு பெட்டி, பத்துப் பொருள்

பழைய ஓலைப்பெட்டியோ அட்டைப்பெட்டியோ ஒன்றை எடுங்கள். அதில் சிரட்டை நான்கு, மரக்கரண்டி ஒன்று, சின்ன எவர்சில்வர் டம்ளர் இரண்டு, துவைத்த தோர்த்து (துண்டு) ஒன்று, பழைய சேலைத்துண்டு ஒன்று (ஒன்றரை மீட்டர் போதும்), துணிப்பொம்மை ஒன்று. இவ்வளவே பத்துப் பொருள் ஆகிவிட்டது. தோர்த்து ஒரு நாள் தலைப்பாகை, மறுநாள் தொட்டில், அடுத்த நாள் கடல்.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். 2018இல் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 முதல் 30 மாதப் பிள்ளைகளை ஒருமுறை 4 விளையாட்டுப் பொருள்களோடும் இன்னொருமுறை 16 பொருள்களோடும் விட்டுப் பார்த்தார்கள். 4 பொருள் இருந்தபோதுதான் ஒவ்வொன்றிலும் நெடுநேரம் நின்று, வெவ்வேறு விதமாக விளையாடினார்கள். வளைகுடாவில் இருந்து லீவுக்கு வரும் மாமா கொண்டுவந்த பொம்மைகள் அலமாரி நிறைய இருக்கும் வீடுகள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏராளம். அவற்றில் முக்கால்வாசியை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை மாற்றி மாற்றி எடுத்துக் கொடுங்கள்.

சிரட்டையை அப்படியே கையில் கொடுக்கக் கூடாது. துருவி முடித்த சிரட்டையின் உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காயைக் கரண்டிக் காம்பால் சுரண்டி, இரண்டு நாள் வெயிலில் காய வையுங்கள். ஈரம் இருந்தால் உள்ளே பூசணம் பிடிக்கும். கோடைமழைக் காலத்தில் இது சீக்கிரமே நடக்கும். வெளிப்புறத்து நாரைக் கத்தியால் வழித்துவிட்டு, 80 நம்பர் உப்புத்தாளால் விளிம்பை நன்றாகத் தேயுங்கள். அப்புறம் 150 நம்பர் தாளால் ஒருமுறை. உங்கள் கன்னத்தில் விளிம்பை ஓட்டிப் பாருங்கள். கீறல் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். கழுவித் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் கறுத்துப் பளபளக்கும். தேங்காயை உடைக்கும்போது கிடைக்கும் இரண்டு பாதியில் கண் உள்ள பாதி தண்ணீர் ஒழுகும். தண்ணீர் விளையாட்டுக்குக் கண் இல்லாத பாதியைக் கொடுங்கள். கண் உள்ளதை மண் சலிக்க வைத்துக்கொள்ளலாம்.

தோப்பும் பெட்டியின் பங்காளிதான். கமுகம்பாளை (பாக்குமரப் பாளை) கிடைத்தால் வண்டி தயார்: ஒரு பிள்ளை உட்கார, இன்னொன்று மட்டையைப் பிடித்து இழுக்கும். தரை மணலாகவோ புல்லாகவோ இருக்கட்டும், சிமெண்ட் முற்றம் வேண்டாம். பாளை தேய்ந்து கிழிந்ததும் தொடை உரசும். பழுத்த பிலாவிலையின் (பலா இலையின்) அடிப்பக்கத்தைக் குவித்து ஈர்க்குத் துண்டால் குத்தினால் கஞ்சி குடிக்கும் கரண்டி. பச்சை இலை என்றால் மடிக்கும் இடத்தில் முறியும், காம்பில் பாலும் ஒட்டும். ஈர்க்கு குத்துவது பெரியவர்கள் வேலை. மூன்று வயது நிறையாத பிள்ளைக்கு ஈர்க்கு வைத்த எதுவும் வேண்டாம்.

இடமும் நேரமும்

ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். வீட்டு ஆட்கள் நடந்து போகிற வழியாக மட்டும் அது இருக்கக் கூடாது. கலைத்துவிட்டுப் போனால் கதையும் கலைந்துபோகும். அடுக்களைக்குப் பக்கத்து மூலை நல்லது, நீங்கள் கறிக்கு அரிந்துகொண்டே காது கொடுக்கலாம்.

முப்பது நிமிடமாவது தொடர்ந்து கிடைக்க வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைகள் யார் யார் எந்த ஆள், எங்கே கடை, எங்கே வீடு என்று பேசி முடிக்கவே பத்து நிமிடம் போய்விடும். "இன்னும் தொடங்கவே இல்லையே" என்று அந்த நேரத்தில் நாம் உள்ளே புகுந்துவிடுகிறோம். அந்தப் பேச்சே விளையாட்டில் பாதி.

டிவியை அணையுங்கள். யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தாலும் சின்னப் பிள்ளை அவ்வப்போது தலையைத் திருப்பும். திரை பார்ப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு: இரண்டு வயது நிறையும் வரை வேண்டவே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. பிள்ளை வெளியே போக முடியாத நாட்கள் நிறைய வரும். மழைநாளுக்கென்று ஒரு பெரிய அட்டைப்பெட்டியை எடுத்து வைத்திருங்கள்.

தொடங்கிக் கொடுக்கும் முறை

தரையில், பிள்ளையின் கண்மட்டத்தில் உட்காருங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் சும்மா பாருங்கள். பிள்ளை சிரட்டையில் மண்ணை அள்ளிக் கொட்டுகிறதா? நீங்களும் இன்னொரு சிரட்டையில் அதையே செய்யுங்கள். பேச்சு வேண்டாம். பிள்ளை உங்களை நிமிர்ந்து பார்க்கும். அப்போது ஒரே ஒரு புதிய விஷயத்தைச் சேருங்கள்: சிரட்டையை மூக்கருகே கொண்டுபோய், "அய்யோ, சுடுது!" என்று ஊதுங்கள். பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.

அந்தப் பத்து எண்ணுவதுதான் பெரியவர்களுக்கு வருவதில்லை. மூன்றாவது நொடியிலேயே "உனக்கு சுடலியா? நீயும் ஊது! அம்மாவுக்கு ஒரு வாய் குடு!" என்று அடுக்கிவிடுகிறோம். சின்னப் பிள்ளைக்கு நீங்கள் செய்ததைப் பார்த்து, புரிந்து, தன் கையை அசைக்க நேரம் வேண்டும். எண்ணி முடிக்கும் முன்பே பெரும்பாலும் அதுவும் ஊதிக் காட்டும், அல்லது உங்களுக்கு ஊட்ட வரும். வராவிட்டாலும் பரவாயில்லை. பழையபடி அது செய்வதையே செய்துகொண்டிருந்துவிட்டு, சற்றுக் கழித்து இன்னொன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

பிள்ளை கதையைக் கையில் எடுத்ததும் நீங்கள் பின்னால் போய்விடலாம். அது சொல்லும் ஆளாக நடியுங்கள். "நீ பூனை" என்றால் பூனைதான். பூனை கணக்குச் சொல்லிக் கொடுக்காது.

மீன்கடை: ஒரு விளையாட்டை முழுதாகப் பார்ப்போம்

மூன்றரை வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது பொருத்தம். கடற்கரை ஊரானாலும் மலையோர ஊரானாலும் நம் பிள்ளைகள் மீன்விலை கேட்டே வளர்கிறார்கள், எனவே தொடங்கச் சிரமமே இல்லை.

மாவிலை இருபது: அது சாளை (மத்தி மீன்). பிலாவிலை ஐந்து: வாவல். தென்னோலைக் கீற்றை ஈர்க்கு நீக்கி ஒரு முழ நீளத்துக்கு நறுக்கினால் வாளை, அப்படியே நீளமாக, தட்டையாக இருக்கும். இதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம்; இலைகளைக் குவித்துவிட்டு "இது என்ன மீனு?" என்று ஒரு தடவை கேளுங்கள். பிள்ளை மாவிலையைச் சுறா என்றால் இன்றைக்கு மாவிலைதான் சுறா.

தராசு வேண்டுமானால் ஒரே அளவான இரண்டு சிரட்டையில் விளிம்புக்கு ஒரு செ.மீ. கீழே சம இடைவெளியில் மூன்று மூன்று துளை போடுங்கள், 3 மி.மீ. டிரில் போதும். ஆணியை அடித்தால் சிரட்டை வெடிக்கும். ஒவ்வொரு துளைக்கும் 20 செ.மீ. கயிறு கட்டி, மூன்றையும் மேலே சேர்த்து முடிந்து, 40 செ.மீ. நீளக் கம்பின் இரு முனையிலும் தொங்கவிடுங்கள். நடுவில் ஒரு கயிற்று வளையம் கைப்பிடியாகும். இரண்டு சிரட்டையும் ஒரே எடை இருக்காது, ஒரு பக்கம் தாழ்ந்தே நிற்கும். நடு வளையத்தைத் தாழ்ந்த பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, மட்டமாக நின்ற இடத்தில் கம்பில் ஒரு சின்ன வெட்டு வெட்டிக் கட்டுங்கள். எடைக்கல்லுக்குப் பிள்ளையின் உள்ளங்கை அளவுள்ள கல் போதும். பணத்துக்கு மிச்சம் வைத்த பஸ் டிக்கெட்.

முதல் நாள் நீங்கள் வாங்க வருகிறவர்.

"மக்ளே, சாளை என்ன வெலை?"

"நூறு ரூவா!"

"ஒரு கூறா, ஒரு கிலோவா?"

இந்தக் கேள்வியில் பிள்ளை ஒரு நொடி நிற்கும். அப்புறம் இலைகளைப் பிரித்துக் கூறு கூறாக வைக்கத் தொடங்கும். எண்ணுவதும் சமமாகப் பங்கு போடுவதும் தானாக வந்துவிட்டன. "அஞ்சஞ்சா வை, எண்ணு பாப்போம்" என்று நீங்கள் சொல்லியிருந்தால் கடை அங்கேயே மூடியிருக்கும்.

கதை தேய்ந்து நிற்கும்போது ஒரு சிக்கலைக் கொண்டுவாருங்கள். "நேத்து வாங்கின மீனு நாறிப்போச்சு, ரூவாயைத் திருப்பித் தா." "மழை வருதே, மீனு நனையுமே." "பூனை வந்துட்டு!" ஒரு நாளைக்கு ஒன்று போதும், மூன்று சிக்கலை ஒன்றாக அவிழ்த்துவிட்டால் பிள்ளை குழம்பி எழுந்து போய்விடும். முடிக்க வேண்டிய நேரம் வந்தால் "போதும், எல்லாத்தையும் எடுத்து வை" என்று அதட்டாமல், "ஐஸ் தீந்துபோச்சு, கடையடைக்க அஞ்சு நிமிஷம்தான் இருக்கு" என்று கடைக்காரரிடம் சொல்வதுபோலச் சொல்லுங்கள். மீன்களைப் பெட்டியில் அடுக்குவதும் விளையாட்டாகவே நடந்துவிடும்.

பஸ் விளையாட்டுக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். நாலு நாற்காலியை வரிசையாகப் போட்டு, ஒரு தட்டை ஸ்டியரிங்காகக் கொடுத்து, "வடசேரி, பார்வதிபுரம், வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம்..." என்று நீங்கள் ஒருமுறை கூவினால் போதும். மறுநாள் கண்டக்டர் வேலை உங்களுக்குக் கிடைக்காது.

எங்கே கெட்டுப்போகிறது

விளையாட்டைப் பாடமாக்குவதுதான் முதல் இடம். "இது என்ன கலர்? இங்கிலீஷ்ல சொல்லு." விடை தெரிந்த நாம் கேட்கும் இப்படிப்பட்ட கேள்வி பிள்ளைக்குப் பரீட்சை. இதே காரணத்தால்தான் பேச்சைத் திருத்துவதும் வேண்டாம் என்கிறோம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகள் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்கள், நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு வேறு. விளையாடும்போது அப்படியே விடுங்கள்.

"ஆம்பிளப் பிள்ளைக்கு என்ன சட்டிபானை விளையாட்டு?" என்று வீட்டுக்கு வந்தவர் ஒருவர் சொன்னால் போதும், மூன்று வயதுப் பையன் மறுநாள் சிரட்டையைத் தொடமாட்டான். பிள்ளையின் முன்னாலேயே, "அவன் நல்லா சமைப்பான் மாமா, ஒரு வாய் சாப்பிடுங்க" என்று சொல்லி வந்தவர் கையில் ஒரு சிரட்டையைக் கொடுத்துவிடுங்கள்.

ஒரே விளையாட்டை இருபது நாள் விளையாடுகிறதா? கவலை வேண்டாம். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று மாறியிருக்கும்.

யார் டாக்டர் என்ற சண்டை நான்கு வயதில் தினமும் வரும். உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டு டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரி இருக்க முடியாதா என்று கேட்டுவிட்டு நகர்ந்து போங்கள். கை நீட்டினால் மட்டும் உள்ளே வாருங்கள்.

பயமும் சாவும் விளையாட்டில் வரும். ஊசி போட்டு வந்த பிள்ளை பொம்மைக்குப் பத்து ஊசி குத்தும். வீட்டில் துக்கம் நடந்திருந்தால் பொம்மையைப் படுக்க வைத்து அழும். கடற்கரை ஊர்களில் பெரியவர்கள் 2017 நவம்பர் ஓகிப் புயலைப் பற்றி இன்றும் பேசுவதைப் பிள்ளைகள் கேட்கிறார்கள். வள்ளம் கவிழ்கிற விளையாட்டு அங்கிருந்து வருகிறது. "சீ, அபசகுனம்" என்று தடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "யாரு காப்பாத்த வாறா?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை ஒரு ஹெலிகாப்டரையோ மாமாவையோ கொண்டுவரும். அதே காட்சி வாரக்கணக்கில் எந்த மாற்றமும் ஆறுதலும் இல்லாமல் திரும்பத் திரும்ப வந்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டால் மருத்துவரிடம் பேசுங்கள்.

கையில் எட்டக் கூடாதவை

குன்னிமுத்து (குண்டுமணி) பார்க்க அழகு, உள்ளே கொடிய விஷம். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அரளியும் அப்படித்தான், மஞ்சள் அரளிக் காய் இன்னும் மோசம். "சமையலுக்கு" அதைப் பறிக்கவே விடாதீர்கள். ரப்பர் தோட்டப் பக்கம் உதிர்ந்து கிடக்கும் ரப்பர் கொட்டையைப் பச்சையாகக் கடிக்கக் கூடாது. மரச்சீனி (மரவள்ளி) இலைக்காம்பில் மாலை கோத்துப் போட்டுக்கொள்ளலாம், வாயில் வைக்கக் கூடாது.

மஞ்சாடிமணி, புளியங்கொட்டை, பாசிமணி எல்லாம் மூன்று வயது வரை வேண்டாம். மூச்சுக்குழலில் சிக்கும், மூக்கிலும் காதிலும் போகும். ஒரு குத்துமதிப்பான அளவு: மூன்றேகால் செ.மீ. அகலமான குழாய்க்குள் நுழையும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. பட்டன் பேட்டரி எந்த வயதிலும் ஆகாது, விழுங்கினால் உணவுக்குழாயையே எரித்துவிடும். டாக்டர் விளையாட்டுக்கு மாத்திரை அட்டை, மருந்துக் குப்பி, நிஜ ஊசி கொடுக்காதீர்கள். வெறும் அட்டைதானே என்று பழகிய கை நாளைக்கு ஆச்சியின் பிரஷர் மாத்திரையைப் பிரிக்கும். பொடிப் பிள்ளை கையில் 20 செ.மீ.க்கு மேல் கயிறு வேண்டாம், தலையில் மாட்டும் பிளாஸ்டிக் கவர் அறவே வேண்டாம். தண்ணீர் இரண்டு சிரட்டை அளவு போதும். வாளி நிறைய வைத்தால் பக்கத்தை விட்டு எழுந்திருக்கவே கூடாது. குளத்தங்கரையும் கால்வாய்க்கரையும் விளையாடும் இடமல்ல.

எப்போது காட்ட வேண்டும்

இரண்டரை வயது நிறைந்தும் பொம்மைக்கு ஊட்டுவது, போன் பேசுவதுபோல நடிப்பது எதுவுமே இல்லை என்றால் காத்திருக்காதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, வேண்டியதைச் சுட்டிக்காட்டாதது, வண்டியின் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டே இருப்பது, முன்பு வந்த சொற்கள் நின்றுபோவது ஆகியவை கூடவே இருந்தால் அந்த வயது வரைகூடப் பொறுக்க வேண்டாம். இவை ஆட்டிசமாகவோ காது கேட்பதில் உள்ள குறையாகவோ இருக்கலாம், வேறு காரணமாகவும் இருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து முடிவு கட்ட முடியாது.

அங்கன்வாடிப் பணியாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முதலில் சொல்லுங்கள். அல்லது நேரே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போகலாம். முடிவு தெரியும் வரை வீட்டில் விளையாட்டை நிறுத்த வேண்டாம். நிஜம்போல் இருக்கும் டம்ளர், கரண்டியை வைத்து, பிள்ளை செய்வதையே நீங்கள் திருப்பிச் செய்யும் முதல் படியிலேயே பல நாள் நின்றாலும் பரவாயில்லை. தாமதமாக வளரும் பிள்ளைகளும் இப்படிப் படிப்படியாகக் கற்றுக்கொள்கிறார்கள். போகும் முன், பிள்ளை வீட்டில் தானாக விளையாடுவதை இரண்டு நிமிடம் போனில் பதிவு செய்து எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் குரல் கொடுக்காமல், பிள்ளையின் முகமும் கைகளும் தெரியும்படி எடுங்கள். மருத்துவமனையின் புது இடத்தில், புது ஆட்கள் முன்னால் அது விளையாடிக் காட்டாமல் போகலாம். அப்போது மருத்துவருக்கு அந்த வீடியோ உதவும்.